சிறு தொழில் நடத்துபவர்களின் விளம்பரப் பணம் எங்கே வீணாகிறது? எது பலன் தருகிறது?

கேட்டவரின் நிலைமை இது: சிறிய தொழில், கூட வேலை செய்ய ஓரிருவர், விளம்பரத்துக்கு ஒதுக்க முடிவது கொஞ்சம் பணம். எதில் போட்டால் பலன் கிடைக்கும், எங்கே ஏமாறாமல் இருக்க வேண்டும் என்று கேட்கிறார்.

நான் மார்க்கெட்டிங் ஆள் கிடையாது. சிறு தொழில்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவன். விளம்பரத்துக்குப் போன பணம் என் கையால்தான் பேரேட்டில் ஏறும். அதனால் வந்த பணம் எது என்று முதலாளியிடம் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. "போன மாசம் ரீச் நல்லா இருந்துச்சு" என்பார்கள், அதாவது விளம்பரம் நிறையப் பேர் கண்ணில் பட்டதாம். ரீச்சை எந்தத் தலைப்பில் வரவு வைப்பது என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. விளம்பர இடத்தை விற்கிறவரே, அது எவ்வளவு நன்றாக வேலை செய்தது என்ற அறிக்கையையும் எழுதிக் கொடுக்கிறார். ஒருவர் உங்களிடம் வாங்குவது என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டு, உங்கள் பெயரையே தேடி, மேலே தெரிந்த விளம்பரத்தைத் தட்டி உள்ளே வருகிறார் என்று வையுங்கள். விளம்பரம் இல்லாவிட்டாலும் அவர் வந்திருப்பார். ஆனால் அந்த விற்பனையும் விளம்பரம் கொண்டுவந்ததாகவே அறிக்கையில் இருக்கும்.

இணையத்தில் பொருள் வாங்கி விற்க உதவும் இபே நிறுவனம் 2012இல் இதைச் சோதித்தே பார்த்தது. தன் பெயரைத் தேடுகிறவர்களுக்குக் காட்டிவந்த கட்டண விளம்பரங்களைச் சில தேடுபொறிகளில் நிறுத்தியது. அந்த விளம்பரங்கள் வழியே வந்துகொண்டிருந்த கிளிக்குகளில் 99.5% பக்கத்திலேயே இருந்த இலவச இணைப்பு வழியாக அப்படியே வந்து சேர்ந்தன. பிளேக், நாஸ்கோ, டாடெலிஸ் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் இதை 2015இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. இபேயின் பெயர் இல்லாத பொதுவான தேடல் சொற்களுக்குக் கொடுத்த விளம்பரங்கள், இபேயில் புதியவர்களையும் எப்போதாவது வாங்குகிறவர்களையும் கொஞ்சம் அசைத்தன. அடிக்கடி வாங்குகிறவர்களிடம் ஒரு மாற்றமும் இல்லை. உங்களை இன்னும் பலருக்குத் தெரியாது என்பதால், சரியான ஆளிடம் போய்ச் சேர்ந்தால் விளம்பரம் உங்களுக்கு உதவும். ஆனால் உங்களை ஏற்கெனவே தெரிந்தவரையே கூட்டிவர எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். (உங்கள் பெயருக்குப் போட்டியாளர் விளம்பரம் கொடுக்கிறார் என்றால் கதை வேறு.)

ஆகவே எதில் பணம் போடுவதற்கும் முன்னால், உங்கள் சொந்தக் கணக்கைத் தொடங்குங்கள். புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் "எங்களைப் பற்றி எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சிலர் "நெட்ல பார்த்தேன்" என்று மொட்டையாகச் சொல்வார்கள். பரவாயில்லை. சில மாதங்கள் எழுதினாலே தெரிந்தவர் சொல்லி வந்தவர்கள் எத்தனை, தேடி வந்தவர்கள் எத்தனை என்று புலப்பட்டுவிடும். நான் பார்த்த நோட்டுகள் பெரும்பாலானவற்றில் தெரிந்தவர் சொல்லி வந்தவர்களே அதிகம். அதே தொழில்களின் செலவுக் கணக்கில் அவர்களுக்காகச் செலவழித்தது பூஜ்யம். பரிந்துரைத்தவருக்குப் போன் போட்டு நன்றி சொல்லக்கூட யாருக்கும் தோன்றியிருக்காது. காசில்லாமல் செய்யக்கூடிய மார்க்கெட்டிங் இது; முதலில் இதைச் செய்யுங்கள்.

அடுத்து தள்ளுபடி. இதில் நான் நிறைய வாதம் செய்திருக்கிறேன். 100க்கு விற்கும் பொருளில், நேரடிச் செலவு போக உங்களுக்கு 30 நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 10% குறைத்தால் வாங்குபவர் கண்ணுக்கு அது சின்னச் சலுகை. உங்களுக்கோ 30 என்பது 20 ஆகிவிட்டது. முன்பு 100 உருப்படியில் எடுத்த லாபத்தை எடுக்க இப்போது 150 விற்க வேண்டும். 20% குறைத்தால் நிற்பது 10. அதே லாபத்துக்கு 300 விற்க வேண்டும். மூன்று மடங்கு வேலையை உங்கள் ஆட்கள் செய்ய முடியுமா? "கூட்டம் வந்துச்சே" என்பார்கள். கூட்டம் வந்தது உண்மைதான், களைப்பும் வந்திருக்கும்.

எல்லாச் சலுகையும் நட்டம் என்று சொல்ல வரவில்லை. குரூப்பான் என்ற இணையதளம் விற்ற தள்ளுபடிக் கூப்பன்கள் சூடு பிடித்திருந்த 2010இல், ரைஸ் பல்கலைக்கழகத்தின் உத்பால் தொலாகியா 150 தொழில்களிடம் விசாரித்தார். 66% பேருக்கு அந்தச் சலுகை லாபம், 32% பேருக்கு லாபமில்லை. வித்தியாசம் எதில் தெரிந்தது என்றால், லாபம் பார்த்தவர்களிடம் கூப்பனோடு வந்தவர்களில் 31% பேர் முழு விலை கொடுத்து மறுபடி வாங்கினார்கள். லாபமில்லாதவர்களிடம் 13% பேர்தான். எனவே சலுகை அறிவிக்கும் முன்பே, வந்தவர் இரண்டாம் முறை எதற்காக வருவார் என்ற கேள்விக்குப் பதில் வைத்திருங்கள். பதில் இல்லையென்றால் அறிவிப்பைத் தள்ளிப்போடுவது நல்லது.

கூகுள் விளம்பரம் நல்ல கருவி. இப்போதே தேவை இருக்கிறவர் கண்ணில் படலாம். ஆனால் அதை முதல்முறை திறந்து "அடுத்து, அடுத்து" என்று தட்டிக்கொண்டே போனால், இயல்பாக அமைந்திருக்கும் ஏற்பாடுகள் எல்லாம் உங்கள் செலவைப் பரப்பும் பக்கமே சாய்ந்திருக்கும். நீங்கள் கொடுத்த சொல்லோடு ஏதோ ஒரு வகையில் தொடர்புள்ள தேடல்களுக்கும் விளம்பரம் போகும். நீங்கள் தேர்ந்தெடுத்த ஊரில் இருப்பவர்களோடு, அந்த ஊர்மேல் ஆர்வம் காட்டிய வெளியூர்க்காரர்களுக்கும் போகும். ஒரு நாள் செலவு, நீங்கள் போட்ட தினசரி வரம்பைப் போல இரண்டு மடங்கு வரை ஏறலாம். மாதக் கணக்கில்தான் சரிக்கட்டுவார்கள். வாரம் ஒருமுறை, மக்கள் உண்மையில் என்ன தட்டச்சு செய்து உங்கள் விளம்பரத்துக்கு வந்தார்கள் என்ற பட்டியலைத் திறந்து பாருங்கள். "இலவச", "வேலைவாய்ப்பு", "நாமே செய்வது எப்படி" போன்ற தேடல்கள் அதில் இருந்தால் அவற்றுக்கு விளம்பரம் போகாதபடி விலக்கு பட்டியலில் (negative keywords) போடுங்கள். பலர் இந்த ஒன்றைச் செய்யாமலே "கூகுள் விளம்பரம் சரிப்படாது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

சமூக ஊடகத்தில் லைக்குக்காக பூஸ்ட் செய்தால், அதாவது பணம் கட்டிப் பதிவைப் பரப்பினால், லைக் போடும் பழக்கம் உள்ளவர்கள் வருவார்கள். நீங்கள் கேட்டதைத்தான் அந்தத் தளத்தின் நிரல் கொடுக்கிறது. விசாரணையோ விற்பனையோ வேண்டுமானால் அதையே இலக்காகக் குறிப்பிட வேண்டும். அப்புறம், ஃபாலோயர் கூட்டம் உங்கள் சொத்து என்று நம்பிவிடாதீர்கள். 2018 ஜனவரியில், நண்பர்கள், குடும்பத்தினரின் பதிவுகளுக்கே முன்னுரிமை என்று ஃபேஸ்புக் அறிவித்தது. நிறுவனப் பக்கங்களின் பதிவுகள் பின்னுக்குப் போயின. கூகுள் பிளஸ் 2019இல் மூடியே போனது. வாங்கியவரின் எண்ணையும் தகவல் அனுப்பச் சம்மதத்தையும் உங்கள் பட்டியலில் வாங்கி வையுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரண பிராட்காஸ்ட் லிஸ்ட் வழியாக ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்புவதாக இருந்தால், உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்தவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். அதனால் பில் கொடுக்கும்போதே "இந்த நம்பரை சேவ் பண்ணிக்கோங்க" என்று சொல்லிவிடுங்கள். விலைக்கு வாங்கிய மின்னஞ்சல் முகவரிப் பட்டியலைத் தொடவே வேண்டாம். ஜிமெயிலில் ஸ்பேம் புகார் விகிதம் 0.3%க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது விதி. அதாவது ஆயிரத்தில் மூன்று பேர் கோபப்பட்டால் போதும், உங்கள் பில்லும் ரசீதும்கூட ஸ்பேமுக்குப் போகும் நிலை வரலாம்.

ரிவ்யூ பற்றிச் சுருக்கமாக. யெல்ப் என்ற அமெரிக்க ரிவ்யூ தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9% கூடுகிறது என்று, ஹார்வர்டில் இருந்தபோது மைக்கேல் லூகா உணவகங்களை வைத்துக் கண்டறிந்தார். அந்த விளைவு தனி முதலாளிகளின் உணவகங்களில்தான். சங்கிலி நிறுவனங்களில் இல்லை. பெயர் தெரியாத தொழிலுக்குத்தான் அடுத்தவர் சொல் அதிகம் தேவைப்படுகிறது. வேலை முடிந்த கையோடு கேளுங்கள், எல்லோரிடமும் கேளுங்கள். ரிவ்யூவுக்குப் பதிலாகப் பரிசோ சலுகையோ கொடுப்பது கூகுளின் விதிப்படி தவறு.

பணத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு தொழிலில், இணையதளம் செய்துகொடுத்த ஏஜென்சி டொமைன் பெயரை (தளத்தின் இணைய முகவரியை) தன் பெயரிலேயே பதிவு செய்திருந்தது. கட்டணத்தில் தகராறு வந்ததும் தளமும் போனது, அந்த முகவரியில் இயங்கிய மின்னஞ்சலும் போனது. கடைசியில் புதுப் பெயரில் ஆரம்பித்தார்கள். டொமைன், விளம்பரக் கணக்கு, கூகுள் மேப்பில் உள்ள தொழில் பக்கம் எல்லாம் உங்கள் மின்னஞ்சலில், உங்கள் பெயரில் இருக்கட்டும். ஏஜென்சிக்கு அனுமதி மட்டும் கொடுங்கள். தேடலில் முதல் இடம் உத்தரவாதம் என்று எவராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். அப்படி யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது.

கடைசியாக, எவ்வளவு ஒதுக்கலாம்? விற்பனையில் இத்தனை சதவீதம் என்று பொதுவாகச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு புதிய வாடிக்கையாளர் முதல் ஆண்டில் உங்களுக்கு நேரடிச் செலவு போக எவ்வளவு தருகிறார் என்று பழைய பில்களை எடுத்துக் கணக்குப் போடுங்கள். அவரைப் பிடிக்க ஆகும் செலவு அதற்குள் அடங்க வேண்டும். அடங்கினாலும் ஒரு பொறி இருக்கிறது. விளம்பரப் பணம் இன்றே போகும். அவர் தரும் லாபம் எட்டு மாதத்தில் சொட்டுச் சொட்டாக வரும். சரக்குக் கொடுத்தவர் முப்பதாவது நாள் பணம் கேட்பார். காகிதத்தில் லாபம் காட்டும் விளம்பரத்தை வேகமாகப் பெருக்கி, சம்பளத்துக்குக் கையில் காசில்லாமல் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் முதல் ஆண்டு லாபத்தோடு, போட்ட பணம் எத்தனை நாளில் திரும்புகிறது என்பதையும் அதே நோட்டில் எழுதுங்கள். சரக்குக் கடனைக் கட்ட வேண்டிய தவணைக்குள் அது திரும்பவில்லை என்றால், விளம்பரம் எவ்வளவு நன்றாக ஓடினாலும் தொகையை ஏற்றாதீர்கள்.