லேஞ்சி போட்டவரும் நின்று வந்தவரும்

கேள்வி: எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடும் இலங்கைத் தமிழ் வழிப் பாடகி மாதங்கி அருள்பிரகாசம் பாடிய பாட்டு 2020இல் அமெரிக்காவின் பில்போர்ட் பாட்டுப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு பொப் பாடகர் அப்படி இடம் பிடிப்பது எப்போது?
– ஒரு வாசகர், கல்லடி

பதில்: முதலில், ‘பொப்’ என்று எழுதியதற்கு நன்றி தம்பி. அதைப் ‘பாப்’ என்று திருத்தச் சொல்லிக் கடிதம் போடுகிறவர்களோடு எனக்குப் பழைய கணக்கு இருக்கிறது. டொக்டர், கொப்பி, பொலிஸ் என்று நம் காது கேட்டபடி நாம் எழுதுகிறோம். இந்தப் பக்கத்தில் அது பொப்தான்.

இனி அந்த ‘இடம் பிடிப்பது’. அதை வாசித்ததுமே என் மனம் மட்டக்களப்பு பஸ் நிலையத்துக்குப் போய்விட்டது. பொத்துவில் பஸ் வந்து நிற்கும் முன்பே யன்னலால் லேஞ்சி, அதுதான் கைக்குட்டை, பறக்கும். லேஞ்சி விழுந்த சீட் லேஞ்சிக்காரருக்குச் சொந்தம். எந்தச் சட்டத்திலும் இல்லாவிட்டாலும் ஊர் அதை ஒத்துக்கொண்டிருக்கிறது. ஒருநாள் ஒரே சீட்டில் மூன்று லேஞ்சியும் ஒரு குடையும் கிடந்தன. நால்வரும் சண்டை. லேஞ்சியை விடக் குடை பெரியது, ஆகவே சீட் எனக்கு என்றார் குடைக்காரர். குடை விரிக்காமல் கிடந்தது, விரித்திருந்தால்தான் கணக்கு என்றார் இன்னொருவர். கண்டக்டர் வந்து நீலக் கரை போட்ட லேஞ்சிக்குத் தீர்ப்புச் சொன்னார். அந்த நீலக் கரைக்காரர் வெற்றியோடு உட்கார்ந்தார், காத்தான்குடியில் இறங்கிவிட்டார். கூடையோடு வந்த ஒரு அம்மா ஆரம்பத்திலிருந்தே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, கல்முனை, காரைதீவு, அக்கரைப்பற்று எல்லாம் தாண்டித் திருக்கோவில் வரைக்கும் நின்றே வந்தார். அந்தப் பயணத்தை நினைக்கும்போது நீலக் கரைக்காரரின் முகம் எனக்கு ஞாபகம் வருவதில்லை. அம்மாவின் முகம் அப்படியே இருக்கிறது.

நீங்கள் சொன்ன பாட்டு அமெரிக்க ராப் பாடகர் டிராவிஸ் ஸ்கொட்டின் ‘ஃபிரான்சைஸ்’. அதில் யங் தக் என்ற ராப் பாடகரோடு எம்.ஐ.ஏ.யும் சேர்ந்து பாடினார். 2020 ஒக்டோபரில் பட்டியலுக்கு வந்த வாரமே முதலிடம், அடுத்த வாரமே இருபது படிக்கு மேல் கீழே. காத்தான்குடியில் இறங்கிவிட்டது. அவருடைய ‘பேப்பர் பிளேன்ஸ்’ அப்படியல்ல. 2007இல் வந்த ‘காலா’ அல்பத்தில் அது இருந்தது. ஒரு வருடம் கழித்து ஒரு படத்தின் விளம்பரத் துண்டில் ஒலித்த பிறகுதான் ஊர் உலகம் திரும்பிப் பார்த்தது. 2008இல் நாலாம் இடம் வரை ஏறியது, அதற்கு மேல் ஏறவில்லை. ஆனால் கிராமி விருதில் அந்த வருடத்தின் சிறந்த பதிவு என்ற பிரிவுக்கு அது பரிந்துரைக்கப்பட்டது. அமெரிக்காவின் பெரிய ராப் பாடகர்கள் நால்வர் அதிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தங்கள் பாட்டைக் கட்டினார்கள். இன்றைக்கும் இளம் பிள்ளைகள் அதைக் கேட்கிறார்கள். திருக்கோவிலையும் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிற பாட்டு அது.

அந்தப் பாட்டில் எனக்குப் பிடித்தது இன்னொன்று. அதன் அடி இசை ‘த கிளாஷ்’ என்ற ஆங்கிலக் குழு 1982இல் வெளியிட்ட பாட்டிலிருந்து எடுத்தது. எடுத்ததை மறைக்கவில்லை, அந்தக் குழுவினரின் பெயர்கள் பாட்டை எழுதியவர்களின் பெயர்களோடு சேர்ந்தே இருக்கின்றன. அல்பங்களின் பெயரையும் பாருங்கள்: ‘அருளர்’ அப்பாவின் பெயர், ‘காலா’ அம்மாவின் பெயர். யாருடைய பிள்ளை, யாரிடமிருந்து எடுத்தது என்று வெளிப்படையாகச் சொல்கிற இசைக்கு நான் எழுந்து நிற்பேன். நம் வானொலிகளோடு எனக்குள்ள தீராத வழக்கும் இதுதான். பாடியவர் பெயரைச் சொல்லி முடித்ததும் விளம்பரத்துக்குப் போய்விடுகிறார்கள். எழுதியவர் யார், தபேலா வாசித்தவர் யார்? இருபது வருடமாகக் கேட்கிறேன், இனியும் கேட்பேன்.

சரி, அந்தப் பட்டியலை யார் எண்ணுகிறார்கள்? இங்கிலாந்தில் முதல் பட்டியல் 1952 நவம்பரில் வந்தது. ஒரு இசைப் பத்திரிகைக்காரர் இருபது கடைகளுக்கு அளவில் தொலைபேசி எடுத்து, எந்த இசைத்தட்டு அதிகம் போகிறது என்று கேட்டு எழுதினார். அவ்வளவுதான். அமெரிக்காவிலும் 1991 வரை கடைக்காரர் வாயால் சொன்னதுதான் கணக்கு. அந்த வருடம் மே மாதம் பொதியில் உள்ள கோட்டுக் குறியை மெஷினால் வாசித்து விற்பனையை எண்ணத் தொடங்கினார்கள். அடுத்த மாதமே, ஜூனில், என்.டபிள்யூ.ஏ. என்ற கறுப்பினத்தவரின் ராப் குழுவின் அல்பம் பட்டியலின் உச்சிக்கு வந்துவிட்டது. அந்த இசையை வாங்கியவர்கள் ஒரே இரவில் பிறந்துவிடவில்லை. அதற்கு முன்பும் அவர்கள் வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள், எண்ணுகிறவர் கண்ணில் படவில்லை.

2012இல் கொரியாவின் ‘கங்னம் ஸ்டைல்’ நம் கல்யாண வீடுகள் வரை வந்து ஆடியதே, ஞாபகம் இருக்கிறதா? பில்போர்டில் ஏழு வாரம் இரண்டாம் இடத்திலேயே நின்றது. யூடியூப்பில் பார்த்ததை அப்போது கணக்கில் சேர்க்கவில்லை. 2013 பெப்ரவரியில் சேர்க்கத் தொடங்கினார்கள், அதுவும் அமெரிக்காவுக்குள் பார்த்ததை மட்டும். கல்லடியிலிருந்து நீங்கள் ஆயிரம் தடவை அமத்தினாலும் அந்தப் புத்தகத்தில் பூச்சியம். உலகம் முழுவதையும் எண்ணும் தனிப் பட்டியல் ஒன்றை பில்போர்ட் தொடங்கியதே 2020 செப்டெம்பரில்தான்.

நம் ஊரிலும் ஒரு பட்டியல் இருந்தது, தம்பி. எண்பதுகளின் தொடக்கத்தில் நான் போய் நிற்கும் ரெக்கோடிங் பார் ஒன்று. கசெட்டைக் கொண்டுபோய்க் கொடுத்து, பாட்டுகளின் பெயரைத் தாளில் எழுதிக் கொடுத்தால் ஒரு கிழமையில் பதிந்து தருவார்கள். கடைக்கார அண்ணர் எந்தப் பாட்டை எத்தனை பேர் கேட்டார்கள் என்று ஒரு நீளக் கொப்பியில் கோடு போட்டு வைப்பார். நாலு கோடு, குறுக்கே ஒன்று. சினிமாப் பாட்டுக்குப் பக்கத்திலேயே ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’யும் நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’யும் கோடு கோடாக நிற்கும். ஊர்க் கோயில் கும்மியைப் பதிந்த கசெட்டுக்கும் கோடு இருந்தது. காத்தான்குடியிலிருந்து கேட்டவர்களுக்கு ஒரு பக்கம், கொக்கட்டிச்சோலைக்கு ஒரு பக்கம். மட்டக்களப்பு எதைக் கேட்டது என்பதற்கு அதைவிட நேர்மையான சாட்சி இருந்திருக்க முடியாது. கடையை மூடியபோது கொப்பிகளைக் கடலோரம் நாவலடியில் இருந்த வீட்டுக்குக் கொண்டுபோனார். 2004 டிசம்பர் 26 காலையில் நாவலடிக்கு என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அதே கடல் பக்கத்தில் இருந்த டச் பார் என்ற ஊரையும் கொண்டுபோனது. அங்கே வாழ்ந்த, போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியர் குடும்பங்கள் எத்தனையோ அன்றைக்கு அழிந்தன. பைலா என்று இலங்கை முழுவதும் ஆடுகிறதே, அதன் தாய் அந்த மக்களின் கபிரிஞ்ஞா என்ற ஆட்ட இசை. 1628இல் இங்கே கோட்டை கட்டிய போர்த்துக்கேயர் பத்து வருடத்தில் அதை ஒல்லாந்தரிடம் இழந்துவிட்டார்கள். ஆனால் அவர்களின் மொழி நம் ஊர்ப் பறங்கியர் வீடுகளில் இன்னும் பேசப்படுகிறது, கல்யாண வீடுகளில் வயலின் எடுத்து இன்னும் பாடப்படுகிறது. நான் மேலே சொன்ன இரண்டு தமிழ்ப் பொப் பாட்டிலும் துள்ளுகிற தாளத்தின் வேர் அந்தக் கல்யாண வீட்டில் இருக்கிறது. அந்தத் தாளம் எந்தப் பட்டியலில் எந்த இடம் பிடித்தது? மூன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக நின்றபடியே வருகிறது, இன்னும் இறங்கவில்லை.

லிஸ்பன் பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வாளர்கள் வந்து அந்த மொழியையும் பாட்டையும் பதிந்துகொண்டு போனார்கள். நல்ல வேலை, மரியாதையோடு செய்த வேலை. அவ்வளவு தூரத்திலிருந்து அவர்கள் வரும்வரை பக்கத்துத் தெருவில் இருந்த நாம் என்ன செய்தோம் என்று கேட்டால் எனக்குப் பதில் வருவதில்லை, நெஞ்சு வலிக்கிறது.

மட்டக்களப்பு வாவியில் மீன் பாடுவது கட்டுக்கதை என்று சிரிப்பவர்களோடும் இந்தப் பக்கத்தில் நான் மூன்று தடவை சண்டை பிடித்திருக்கிறேன். நாலாவது தடவையும் சொல்கிறேன்: 1950களில் இயேசு சபையின் லாங் அடிகளார் நம் வாவிக்குள் கருவியை இறக்கி அந்த ஒலியைப் பதிந்தார். அதற்கு முன்பு தலைமுறை தலைமுறையாகத் தோணிக்காரர் கேட்டது வெறும் பேச்சாக இருந்தது. பதிந்த பிறகு வானொலியில் போட முடிந்தது.

ஆகவே, எப்போது என்ற உங்கள் கேள்விக்கு நான் வருடம் சொல்லப் போவதில்லை. பாடகர் வருவார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவர் எடுத்துப் பாட இங்கே என்ன மிச்சம் இருக்கும் என்பதுதான் என் பயம். நீங்கள் கல்லடியில் இருக்கிறீர்கள், கையில் போன் இருக்கிறது. அம்மம்மா ஊஞ்சல் பாட்டுத் தெரிந்தவராக இருந்தால் இன்று பின்னேரமே பக்கத்தில் உட்காருங்கள். கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் கூட்டாளிகள் இருந்தால் அங்கே மூத்தவர்கள் சொல்லும் நாட்டார் கவியைப் பதியச் சொல்லுங்கள். டச் பாரிலிருந்து இடம்பெயர்ந்த பறங்கியர் வீடு எது என்று விசாரித்துப் போங்கள், பெரியவர்களிடம் அனுமதி கேட்டுப் பதியுங்கள். விசிறியை நிற்பாட்டுங்கள், அதன் இரைச்சல் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். பாடத் தொடங்கும் முன் அவர்களின் பெயர், ஊர், அன்றைய திகதி மூன்றையும் அவர்கள் குரலிலேயே சொல்ல வையுங்கள். பிறகு ஒரு பிரதியை எனக்கு அனுப்புங்கள். நான் ஒரு நீளக் கொப்பி வாங்கி வைத்திருக்கிறேன்.