காட்டு விலங்குகளை வைத்துச் சிறுகதை எழுத மாணவர்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

விலங்குக் கதாபாத்திரம் என்றால், அந்த விலங்கின் உடலும் பழக்கமும் கதையை நகர்த்த வேண்டும். 'நரி' என்ற இடத்தில் 'ரவி' என்று மாற்றினாலும் கதை அப்படியே ஓடுகிறதா? அப்போது அது ரவியின் கதைதான், நரி வேஷம் போட்டிருக்கிறது.

சிறுகதைக்கு ஒரு சிக்கல் வேண்டும். விலங்கின் உடலிலேயே அது இருக்கிறது. செதில் போர்த்திய எறும்புதின்னியான அழுங்கைப் பாருங்கள். பல் கிடையாது, பார்வை மந்தம், மோப்பம் பிடித்துத்தான் எறும்பையும் கரையானையும் தேடும். ஆபத்து வந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். சிறுத்தை வந்தால் செதில்கள் காப்பாற்றும். வேட்டைக்காரன் வந்தால்? சுருண்ட பந்தை அப்படியே தூக்கிச் சாக்கில் போட்டுக்கொள்வான். காப்பாற்றிய பழக்கமே காட்டிக்கொடுக்கிறது. கதை கிடைத்துவிட்டது.

தையற்காரர் முதலில் அளவெடுப்பார், அப்புறம்தான் துணியை வெட்டுவார். அதனால் முதல் வகுப்பில் எழுதவே விடாதீர்கள். ஆளுக்கு ஒரு விலங்கைக் கொடுங்கள். அது என்ன தின்னும், எப்போது விழித்திருக்கும், எதற்குப் பயப்படும் என்று குறிப்பெடுக்கட்டும். (எல்லோரும் சிங்கம்தான் கேட்பார்கள். கொடுக்காதீர்கள்.)

சரி, அப்படியானால் விலங்கு பேசவே கூடாது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். தாராளமாகப் பேசலாம். ஆனால் அழுங்கு பேசினால் தூரத்து மலையின் அழகைச் சொல்லாமல், ஈரமண்ணின் வாசனையைச் சொல்லட்டும்.