மலை ஏறும்போது ஆர்பிஎம் 3,000-ஐத் தாண்டினால் இன்ஜின் கெடுமா?

வாசகர் ஒருவர் கேட்கிறார்: "2021 ஸ்விஃப்ட் பெட்ரோல், மேனுவல் கியர். ஐந்து பேரோடு ஏசி போட்டு ஏற்காடு ஏறினால் மூன்றாவது கியரில் 1,500 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 1,500 சுற்று) திணறுகிறது. இரண்டாவதுக்கு மாற்றினால் நன்றாக இழுக்கிறது, ஆனால் முள் 3,000-ஐத் தாண்டி இன்ஜின் கத்துகிறது. ஆர்பிஎம் ஏற்றினால் இன்ஜின் போய்விடும் என்கிறார் நண்பர்."

போகாது. தாராளமாக இரண்டாவதிலேயே ஏறுங்கள், இன்ஜினை வதைப்பது அந்த 1,500-தான்.

உங்கள் வண்டியின் அதிகபட்ச டார்க் 113 நியூட்டன் மீட்டர், அது கிடைப்பது 4,400 ஆர்பிஎம்மில். அதிகபட்ச பவர் சுமார் 90 குதிரைத்திறன், அதற்கு 6,000 வரை போக வேண்டும். டார்க் என்பது ஒவ்வொரு சுற்றிலும் இன்ஜின் கொடுக்கும் முறுக்கு விசை. அது நிமிடத்துக்கு எத்தனை சுற்று வருகிறது என்பதையும் சேர்த்துப் பெருக்கினால்தான் பவர். அந்த 113 முழுவதும் 1,500-லேயே கிடைத்துவிடுகிறது என்று வைத்துக்கொண்டாலும் (கிடைக்காது) பவர் 24 குதிரைத்திறன்தான் வரும், அதே டார்க் 3,500-ல் 56 ஆகிவிடும். ஐந்து பேரையும் ஏசியையும் சுமந்துகொண்டு கொண்டை ஊசி வளைவில் திரும்பி ஏற 24 எப்படிப் போதும்?

போதாதபோது நாம் என்ன செய்கிறோம், ஆக்சிலேட்டரை இன்னும் அழுத்துகிறோம். சுற்று குறைவு, சுமை அதிகம் என்ற அந்த நிலையில்தான் எரிபொருள் தாறுமாறாக வெடித்து 'டிக் டிக்' என்று நாக்கிங் வரும். அதைத் தடுக்க இன்ஜினின் கம்ப்யூட்டர் ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தும், இருக்கிற இழுவையும் குறையும்.

நண்பர் டீசல் ஓட்டிப் பழகியவராக இருக்கலாம். பழைய ஸ்விஃப்ட் டீசலில் 2,000-லேயே 190 நியூட்டன் மீட்டர் வந்துவிடும், அதில் முள்ளை அவ்வளவு ஏற்றத் தேவையிருக்காது. அது பெட்ரோலுக்குப் பொருந்தாது.

சத்தத்துக்கும் பயப்பட வேண்டாம். 3,000 ஆர்பிஎம் என்றால் நான்கு சிலிண்டரும் சேர்ந்து நொடிக்கு 100 முறை எரிகின்றன, சத்தம் வரத்தான் செய்யும். ஆனால் காலையில் ஸ்டார்ட் செய்த உடனே விரட்டாதீர்கள், ஆயில் சூடாகட்டும். மலை ஏறும்போது டெம்பரேச்சரிலும் ஒரு கண் இருக்கட்டும்.

அப்புறம் இறங்கும்போதும் அதே இரண்டாவது கியர்தான். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் முள் 3,000-ல் நின்றாலும் இன்ஜெக்டர் பெட்ரோலை நிறுத்திவிடும், இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்கும் சூடேறாது. வேகமாகப் போகும்போது தவறி முதல் கியரில் மட்டும் போட்டுவிடாதீர்கள். அப்போது இன்ஜினைச் சுழற்றுவது சக்கரம், ஆகவே எரிபொருளை நிறுத்தும் லிமிட்டரால் அதைத் தடுக்க முடியாது, முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி வால்வு வரை அடிபடும்.