இமைக்குள்ள போட்டோ எடுத்து சுரப்பி பாதி இல்லைன்னு சொல்லிட்டாங்க, பார்வை போயிடுமா டாக்டர்?

கேள்வி: எனக்கு 36 வயசு, நாள் முழுக்க கம்ப்யூட்டர் வேலை. சாயங்காலம் ஆனா கண் எரியுது, கூடவே தண்ணியும் வழியுது. கண் டாக்டர் இமையைத் திருப்பி ஒரு மெஷின்ல போட்டோ எடுத்துட்டு கீழ் இமையில எண்ணெய் சுரப்பி கிட்டத்தட்ட பாதி இல்ல, கிரேடு 2ன்னு சொன்னார். பார்வை போயிடுமா? அந்த லைட்டால கெடுதல் உண்டா? மாசாமாசம் எடுக்கணுமா?

பதில்: கிரேடு 2ன்னு வந்ததாலயே பார்வை போயிடாதுங்க, அந்த பயத்தை முதல்ல விடுங்க.

ஒவ்வொரு கண்ணுக்கும் மேல் இமையில 25லருந்து 40, கீழ் இமையில 20லருந்து 30 எண்ணெய் சுரப்பி வரிசையா இருக்கு, மைபோமியன் சுரப்பின்னு பேரு, 1666ல இதைப் பத்தி எழுதின மைபோம்ங்கற ஜெர்மன் டாக்டரோட பேருதான் அது. நாம கண் சிமிட்டும்போதெல்லாம் இமை ஓரத்து துளை வழியா துளி எண்ணெய் வந்து கண்ணீர் மேல படலமா பரவும், அது இருந்தாதான் கண்ணீர் சட்டுனு ஆவியாகாது. எண்ணெய் குறைஞ்சா கண் காய்ஞ்சு எரியும், அந்த எரிச்சல்ல தண்ணி கொட்டும், ஆனா படலம் சரியில்லாததால அதுவும் நிக்காம காய்ஞ்சிடும், எரிச்சலும் தண்ணியும் ஒண்ணா வர்றது பெரும்பாலும் இதனாலதான். ஸ்க்ரீன் பாக்கறப்ப நாம சிமிட்டறதே குறையும், பாதி சிமிட்டலோட நிறுத்திடுவோம், அதான் சாயங்காலம் ஜாஸ்தி ஆகுது.

உங்களுக்கு எடுத்தது மைபோகிராபி. இன்ஃப்ராரெட் கேமராதான், எக்ஸ்ரே கிடையாது, கண்ணுக்கு கெடுதல் இல்ல. சுரப்பிங்க வெள்ளைக் கோடு மாதிரி தெரியும், கோடு இல்லாத இடம் எவ்வளவுன்னு பாத்து கிரேடு போடுவாங்க. ஒண்ணுமே குறையலைன்னா 0, மூணுல ஒரு பங்குக்குள்ள போயிருந்தா 1, மூணுல ரெண்டு பங்கு வரைக்கும் 2, அதுக்கு மேல 3.

ஆனா இந்த படத்தை மட்டும் வச்சு ட்ரீட்மென்ட் முடிவு பண்றதுல எனக்கு உடன்பாடே இல்ல. சுரப்பி இருக்கா இல்லையான்னுதான் படம் காட்டும், எண்ணெய் நல்லா வருதான்னு காட்டாது. படத்துல நிறைய போயிருந்தும் எரிச்சலே இல்லாதவங்க இருக்காங்க, படம் அழகா இருந்தும் கண்ணைத் திறக்க முடியாம வர்றவங்களும் இருக்காங்க. அதோட இமையை முழுசா திருப்பாம எடுத்தா சுரப்பியோட நுனி மறைஞ்சு இல்லாத மாதிரியே தெரியும். அதனால டாக்டர்கிட்ட ரெண்டு விஷயம் கேளுங்க: இமை ஓரத்தை அமுக்கிப் பாத்தீங்களா, கண்ணீர் படலம் எத்தனை செகண்டுல உடையுதுன்னு பாத்தீங்களா. அமுக்கினா தெளிவான எண்ணெய் வந்தா நல்லது, டூத்பேஸ்ட் மாதிரி கெட்டியா வந்தா அடைப்பு. படலம் 10 செகண்டுக்குள்ள உடைஞ்சா நிக்கலைன்னு அர்த்தம்.

போன சுரப்பி பொதுவா திரும்ப முளைக்காது, ஆனா மிச்சம் இருக்கறதை காப்பாத்தலாம். சுத்தமான துணியை வெதுவெதுப்பான தண்ணியில நனைச்சு மூடின கண் மேல 5லருந்து 10 நிமிஷம் வைங்க, சூடு ஆறிட்டா மறுபடி நனைங்க, அப்புறம் மேல் இமையை கீழ்நோக்கியும் கீழ் இமையை மேல்நோக்கியும் மெதுவா நீவி விடுங்க, கண் உருண்டையை அமுக்காதீங்க. வாரக்கணக்குல தினமும் செஞ்சாதான் வித்தியாசம் தெரியும், நாலு நாள் பண்ணிட்டு ஒண்ணும் ஆகலைன்னு விட்டுடறவங்கதான் அதிகம். இமையோட உள் விளிம்புல ஐலைனர் வேண்டாம், துளையை அடைக்கும். பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை எடுத்திருந்தாலோ, கான்டாக்ட் லென்ஸ் போட்டாலோ, கிளாக்கோமாங்கற கண் அழுத்த நோய்க்கு சொட்டு மருந்து விட்டாலோ டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லுங்க, மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க.

மாசாமாசம் படம் தேவையே இல்ல, அவ்வளவு வேகமா ஒண்ணும் மாறாது. கண்ணாடி பவரை சரி பண்ற லேசிக் மாதிரி ஆபரேஷன் பண்ற ஐடியா இருந்தா அதுக்கு முன்னாடி ஒரு தடவை எடுக்கலாம். ஆனா கண் வலிச்சா, வெளிச்சம் பாக்கவே கூசினா, சிமிட்டினாலும் தெளியாத மங்கல் வந்தா படத்துக்கெல்லாம் காத்திருக்காம அன்னைக்கே டாக்டரைப் பாத்துடுங்க.