பலகை வளைவது ஏன்?

கேள்வி: தச்சரிடம் சொல்லிச் செய்த புளியமரக் காய்கறிப் பலகை சில வாரங்களிலேயே வளைந்து, ஓரத்தில் கீறலும் விட்டிருக்கிறது. நல்லெண்ணெய் தடவலாமா?
- வாசகி, மதுரை

பதில்: கழுவிய பலகையை மேடையில் படுக்க வைத்தால், மேற்புறம் காய்ந்து சுருங்க, அடிப்புறம் ஈரத்தில் உப்பியே கிடப்பதால்தான் அது வளைகிறது, ஆகவே இரு புறமும் கழுவித் துடைத்து, வெயில் படாமல், காற்றோட்டமான இடத்தில் நிமிர்த்திச் சாய்த்து வையுங்கள். நல்லெண்ணெய் வேண்டாம், நாளடைவில் சிக்கு வாடை வீசும். மருந்துக்கடையில் கிடைக்கும், வாசனை சேர்க்காத லிக்விட் பாரஃபின் என்ற கனிம எண்ணெயைத் தடவி, இரவு முழுவதும் ஊறவிட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். மர இழை முடியும் இரு முனைகளும் எண்ணெயை மளமளவென்று உறிஞ்சும் என்பதாலும், கீறல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும் என்பதாலும், அவ்விடங்களில் மட்டும் இரண்டு மூன்று முறை தடவுவது நல்லது. கீறல் ஆழமாகி அழுக்குச் சேர்ந்தால், தச்சரிடமே கொடுத்து அந்த ஓரத்தை அறுத்துவிடச் சொல்லுங்கள்.