டொராண்டோவின் பழைய மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் அரங்கத்தின் கதை என்ன? இப்போது போனால் பார்க்க ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது, கட்டாயம் போய்ப் பாருங்கள். காலேஜ் சப்வே நிலையத்தில் இறங்கி, கார்ல்டன் தெருவில் கிழக்கே கொஞ்சம் நடந்தால் சர்ச் தெரு முனையில் அந்த மஞ்சள் செங்கல் கட்டடம் நிற்கும்.

எனக்கு அதில் மிகவும் பிடித்தது அது எழுந்த விதம். 1931, பொருளாதார மந்தத்தில் வேலையில்லாமல் ஊரே தவித்த நேரம். டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் என்ற ஐஸ் ஹாக்கி அணியை நடத்திய கான் ஸ்மைத் புது அரங்கம் கட்டியே தீருவேன் என்று நின்றார். பணம் போதவில்லை. அவருடைய உதவியாளர் ஃபிராங்க் செல்கி தொழிற்சங்கங்களிடம் பேசி, கூலியில் ஒரு பகுதியைக் கம்பெனிப் பங்குகளாக வாங்கிக்கொள்ளச் சம்மதிக்க வைத்தார். ஜூனில் தொடங்கிய வேலை, நவம்பர் 12 அன்று முதல் ஆட்டம்! அதுவும் பார்வையை மறைக்க ஒரு தூண்கூட இல்லாத குவிமாடக் கூரையோடு. எல்லோரும் ஸ்மைத்தைப் புகழ்வார்கள். நான் அந்தத் தொழிலாளர்களைத்தான் முதலில் சொல்வேன்.

லீஃப்ஸ் சிகாகோ அணியிடம் 2-1 எனத் தோற்றுத்தான் அரங்கம் திறந்தது. ஆனால் அந்த சீசனிலேயே ஐஸ் ஹாக்கியின் உச்சப் பரிசான ஸ்டான்லி கோப்பை வந்தது. 1967-க்குள் மொத்தம் 11. பனித்தளத்துக்கு மேலே தொங்கிய ‘கொண்டோலா’ என்ற சிறு அறையிலிருந்து ஃபாஸ்டர் ஹியூவிட் செய்த வர்ணனையை சனிக்கிழமை இரவுகளில் நாடே ரேடியோவில் கேட்டது. பிற்கால உரிமையாளர் ஹெரால்ட் பல்லார்ட் 1979-இல் அந்த அறையைப் பிரித்து எரித்துவிட்டார். இதை மட்டும் என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

எல்விஸ் 1957-இல் பாடினார். பீட்டில்ஸ் 1964, 65, 66 என்று மூன்று வருடமும் வந்தார்கள். முகமது அலியிடம் 15 சுற்றும் அடிவாங்கி விழாமல் நின்ற கனடா குத்துச்சண்டை வீரர் ஜார்ஜ் ஷுவாலோவின் சண்டையும் 1966-இல் இங்கேதான் நடந்தது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: இங்கே வேலை பார்த்த சிலர் பல ஆண்டுகளாகச் சிறுவர்களைப் பாலியல் கொடுமைக்கு ஆளாக்கியது 1997-இல் வெளியே வந்தது. அதை விட்டுவிட்டு இந்த அரங்கத்தின் பெருமையை மட்டும் பேசுவது சரியில்லை.

1999 பிப்ரவரி 13 அன்று இங்கே லீஃப்ஸின் கடைசி ஆட்டம். அன்றும் சிகாகோவிடம்தான் தோல்வி. இப்போது கீழ்த்தளத்தில் லாப்லாஸ் சூப்பர்மார்க்கெட். பழைய நீல நாற்காலிகளால் செய்த பெரிய மேப்பிள் இலை ஒன்று சுவரில் இருக்கும். அப்புறம் 25-ஆம் வரிசைக்குப் போய்த் தரையைப் பாருங்கள், ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். பனித்தளத்தின் நடுமையம் அதுதான். மேலே ஒரு பல்கலைக்கழகத்தின் ஹாக்கி தளம் இருக்கிறது. மாணவர் ஆட்டம் நடக்கும் நாளாகப் பார்த்துப் போனால், பழைய குவிமாடக் கூரைக்குக் கீழேயே உட்கார்ந்து ஹாக்கி பார்க்கலாம்.