எண்ணுக்குப் பதில் எழுத்து: கறுப்புக் கட்டப் புதிரை எங்கே தொடங்குவது?

கேள்வி: மஞ்சக்குப்பத்திலிருந்து பாண்டிக்குத் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன். ஓரத்து எண்களைப் பார்த்துக் கட்டங்களைக் கறுப்பாக்கிப் படம் வரவழைக்கும் சாதாரண நோனோகிராம் புதிர் என்றால் தவளக்குப்பம் வருவதற்குள் முடித்துவிடுவேன். இப்போது நண்பர் ஒருவர் கொடுத்திருக்கும் பத்துக்குப் பத்துப் புதிரில் ஓரத்தில் எண்ணே இல்லை. க, ச, த, ப, ம என்று எழுத்துகள்தான். ஒரே எழுத்துக்கு ஒரே எண், வேறு எழுத்துக்கு வேறு எண், இவ்வளவுதான் குறிப்பு. ம-வை 7 என்று வைத்துப் பார்த்தேன், 6 என்று வைத்துப் பார்த்தேன். அழித்து அழித்து ஐந்தாவது வரிசையில் தாளே கிழிந்துவிட்டது. ஊகித்துத்தான் ஆரம்பிக்க வேண்டுமா ஐயா?

பதில்: வேண்டியதில்லை. நீங்கள் அனுப்பிய படத்தை வைத்துக்கொண்டு ஞாயிறு மதியம் நானும் உட்கார்ந்தேன். ஐந்து எழுத்துக்கும் எண் கிடைக்கும்வரை ஒரு கட்டத்தைக்கூட நான் கறுப்பாக்கவில்லை.

பழக்கமில்லாத வாசகர்களுக்கு மட்டும்: கிடை வரிசைக்கான எண்கள் இடது ஓரத்திலும் நெடு வரிசைக்கானவை மேல் ஓரத்திலும் இருக்கும். ஓரத்தில் 3 2 என்றிருந்தால் அந்த வரிசையில் மூன்று கறுப்புக் கட்டங்கள் ஒட்டி வரும், அப்புறம் குறைந்தது ஒரு வெள்ளை, அப்புறம் இரண்டு கறுப்பு. 1987-இல் டோக்கியோவில் உயரமான கட்டடத்தின் விளக்குகளை ஏற்றியும் அணைத்தும் படம் காட்டிப் போட்டியில் வென்ற நோன் இஷிடா என்பவருக்கு உதித்த யோசனை இது. நோனோகிராம் என்ற பெயரிலும் அவர் பெயர்தான் இருக்கிறது.

சாதாரணப் புதிரில் 'இது எங்கே உட்காரும்?' என்று கேட்கிறோம். எழுத்துப் புதிரில் அதற்கு முன்னால் 'இது இடத்தில் கொள்ளுமா?' என்று கேட்க வேண்டும். நீங்கள் பெரிய எண்ணைத் தேடிப் போனீர்கள். முதலில் பிடிபடுவது சின்ன எண்தான், அதுவும் ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வரும் வரிசையில்.

எட்டாவது வரிசையைப் பாருங்கள்: த த த த. நான்கு தொகுதிக்கு நடுவே மூன்று வெள்ளையாவது வேண்டும். பத்தில் மூன்று போனால் ஏழு. அதை நான்கு த பங்கு போட்டால் ஆளுக்கு ஒன்றுக்கு மேல் வராது. த 1.

இரண்டாவது வரிசை ப ப ப. வெள்ளை இரண்டு போக மிச்சம் எட்டு. ப 3 என்றால் ஒன்பது கட்டம் வேண்டும், கொள்ளாது. 1-ஐ த எடுத்துக்கொண்டது. ஆகவே ப 2. அடுத்து, உங்கள் தாள் கிழிந்த ஐந்தாவது வரிசை: க ப க. வெள்ளை இரண்டு, ப-வுக்கு இரண்டு போனால் ஆறு கட்டம். அதில் இரண்டு க. ஒரு க மூன்றைத் தாண்ட முடியாது; 1, 2 ஏற்கெனவே போய்விட்டன. க 3. இப்போது கூட்டுங்கள்: 3, 1, 2, 1, 3. சரியாகப் பத்து! அந்த வரிசை முழுக்க முடிந்துபோன வரிசை. அங்கே அழிக்க எதுவுமே இல்லை.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் ஆறாவது வரிசை: ச ம. இரண்டுமே 4-க்குக் குறையாது, இரண்டும் ஒன்றாகவும் இருக்கக் கூடாது. நடுவில் ஒரு வெள்ளை போக ஒன்பது கட்டம். 4-உம் 5-உம் தவிர வேறு ஜோடி கொள்ளாது. எது 4, எது 5 என்று தெரியாமலே எட்டுக் கட்டத்தைக் கறுப்பாக்கிவிடலாம்: முதல் நான்கு, கடைசி நான்கு. ஐந்தாவது, ஆறாவது கட்டங்களில் ஒன்று கறுப்பு, மற்றது வெள்ளை. சந்தேகம் அவ்வளவுதான்.

அதைத் தீர்க்க ஒரு கணக்கு இருக்கிறது. பலர் அந்தப் பக்கமே போவதில்லை. நேரு வீதி வழியாக வந்தாலும் காந்தி வீதி வழியாக வந்தாலும் இரண்டும் வெட்டும் முனை ஒரே முனைதான். அதுபோல ஒவ்வொரு கறுப்புக் கட்டமும் ஒரு கிடை வரிசையிலும் ஒரு நெடு வரிசையிலும் கணக்கில் வருகிறது. எனவே இடது ஓரத்து எழுத்துகளின் கூட்டுத்தொகையும் மேல் ஓரத்து எழுத்துகளின் கூட்டுத்தொகையும் சமம். எண் தெரிய வேண்டாம். இங்கே ஒரு க, அங்கே ஒரு க என்று ஜோடி ஜோடியாக அடித்துக்கொண்டே வாருங்கள். உங்கள் புதிரில் கடைசியாக இடப்பக்கம் ஒரு ம மிஞ்சுகிறது, மேலே ஒரு த-வும் ஒரு ச-வும். ஆக ம என்பது ச-வைவிட ஒன்று கூட. ம 5, ச 4. ஐந்தாவது கட்டம் வெள்ளை.

அடிக்கும்போது ஒரு எழுத்தை விட்டுவிட்டால் எல்லாம் கவிழும். ஒருமுறை மேல் ஓரத்தில் ஒரு ப-வைத் தவறவிட்டு, புதிரே தப்பு என்று அதை உருவாக்கியவரோடு சண்டைக்குப் போனவன் நான். இரண்டு தடவை எண்ணுங்கள். கறுப்பே இல்லாத வரிசைக்கு 0 என்று ஒரு எழுத்து கொடுப்பவர்களும் உண்டு. அப்படிப்பட்ட எழுத்து ஓரத்தில் தனியாகத்தான் நிற்கும்.

இந்த 'கொள்ளுமா' வித்தை எழுத்துக் கணக்குகளில் பழையது. ஆங்கிலேயப் புதிர் நிபுணர் ஹென்றி டூட்னி 1924-இல் வெளியிட்ட 'செண்ட் கூட்டல் மோர் சமம் மணி' (SEND + MORE = MONEY, ஒவ்வொரு எழுத்தும் ஒரு இலக்கம்) புதிரின் முதல் முடிச்சும் இப்படித்தான் அவிழும். நான்கிலக்க எண்கள் இரண்டைக் கூட்டினால் 20,000-ஐத் தொடாது. அதனால் ஐந்திலக்க விடையின் முதல் எழுத்து 1.

எண்கள் கிடைத்த பிறகு இது உங்களுக்குப் பழகிய நோனோகிராம்தான். மூன்றாவது வரிசை ச ச: 4, 1, 4, மொத்தம் ஒன்பது, நகர ஒரு கட்டம்தான் இடம். எப்படி நகர்த்தினாலும் 2 முதல் 4 வரையும் 7 முதல் 9 வரையும் கறுப்பு. வெள்ளை என்று உறுதியான கட்டத்தில் புள்ளி வையுங்கள், காலியாக விடாதீர்கள்.

வேறு புதிரில் எங்காவது சிக்கி, 'இப்படி இருந்தால்?' என்று பார்த்தே ஆக வேண்டுமென்றால், ஏழெட்டு எண்ணுக்கு வாய்ப்புள்ள எழுத்தைத் தொடாதீர்கள். கறுப்பா வெள்ளையா என்று இரண்டே வழியுள்ள கட்டத்தில் வேறு நிறப் பென்சிலால் முயலுங்கள். முரண் வந்தால் அந்த நிறத்தை மட்டும் அழித்தால் போதும். அதையும் பஸ்ஸில் செய்யாதீர்கள். பஸ்ஸில் எழுத்துக் கணக்கு மட்டும். அதற்கு டிக்கெட்டின் பின்பக்கமே போதும்.